அறிஞர் ராபர்ட் கோக்

காசநோய்க் கிருமியை 1882ஆம் ஆண்டில் உலகிற்குக் காட்டியவர் ராபர்ட் கோக் என்பதை யாவரும் அறிவர். அப்பெரியார் மலேரியாவை எதிர்த்து ஆற்றிய தொண்டோ பலர் அறியாதது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கோக் 1843ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் ஜெர்மனி தேசத்துக் கிளௌஸ்தால் என்னும் சுரங்க நகரில் பிறந்தார். கட்டிங்கன் சர்வகலாசாலையில் வைத்தியங் கற்றார். சிற்றூர் வைத்தியராய் வாழ்ந்த காலத்திலேயே, கால்நடைகளை மாய்க்கும் அடைப்பான் நோயின் கிருமியை ஆராய்ந்து 1876இல் புகழெய்தினார்.

கொசுவே மலேரியாவைப் பரப்புகின்றது என்பதை ரானல்டு ராஸ் நம் நாட்டில் ஆராய்ந்து 1897, 1898ஆம் ஆண்டுகளில் நிறுவினார். அடுத்த ஆண்டின் இறுதியில் கோக், அந்நாளில் ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த நியூகினிப் பகுதியை அடைந்தார். நோயென்று வந்தவனுக்கு மருந்தளிப்பது வைத்தியர் வழக்கம். கோக் அவ்வளவில் அமையாது, நலமுற்றிருந்தாரையும் அழைத்து, அவர்தம் குருதியைப் பூதக்கண்ணாடியால் நோக்கினார். காய்ச்சலின்றி நடமாடியோர் பலருடைய குருதியிலும், சிறப்பாகக் குழந்தைகளுடைய குருதியில், கிருமி காணப்பட்டது. கொசு நஞ்சைப் பெறுவது மனிதனிடத்தே அன்றோ? ஆதலின் ஊரார் அனைவருடைய குருதியும் தூய்மையாயின் கொசு கடித்தாலுங் கேடில்லை எனத் துணிந்தார். கிருமியுடையார் அனைவருக்கும் இடைவிட்டு இடைவிட்டுக் கொயினா அளித்தார். சில திங்களில் காய்ச்சல் வெகுவாய்க் குறைந்தது. அட்ரியாட்டிக் கடலிலுள்ள பிரியோனித் தீவிலும் இம்முறை கையாளப்பட்டு நோய் நீங்கிற்று. அத்தீவின் உரிமையாளர் நன்றியறிதலாகக் கோக்குக்கு நினைவுச் சின்னம் நிறுவினார்.

ஆயினும் அம்முறை எங்கும் நிலைபெறவில்லை. புதியோர் வந்து குடியேறுந்தோறும் கிருமியும் உடன்வந்தது. நலமுற்றோரைக் கைப்பு மருந்து உண்ணச் செய்தலும் அரிதாயிற்று.

1905இல் நோபெல் பரிசு பெற்ற கோக், 1910ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே, கொயினாவுக்கு எளிதிற் பணியாத மலேரியா பிரேசில் தேசத்திற் குறிக்கப்பெற்றது. பின்வந்த குளோரோகுவினையும் 1950களின் இறுதியில் கிருமி எதிர்த்து நின்றது. ஆர்ட்டிமிசினின் என்னும் அருமருந்தும் மேற்குக் கம்போடியாவில் வலிகுன்றியமை 2008இல் வெளிப்பட்டது. அக்கிருமி பரவுமுன் அதனை ஒழிக்கக் கருதி, 2013 முதல் 2017 வரை கம்போடியா, லாவோஸ், வியட்நாம், மியான்மார் தேசங்களின் சிற்றூர்கள் சிலவற்றில் ஊரார் அனைவருக்கும் ஒருங்கே மருந்தளித்துப் பார்த்தனர். கிருமி விரைந்து அருகிற்று. எனினும் பின்னர் மீளவுந் தலைகாட்டிற்று.

நோயாளனைக் குணப்படுத்தல் வேறு, நோயை ஒழித்தல் வேறு என்பதே கோக்கின் தொண்டு நமக்கு உணர்த்தும் உண்மை. பின்னதற்கு, நலமுள்ளவனும் தன் அயலான் பொருட்டு மருந்துண்ணல் வேண்டும். அரைகுறையாய் உண்டு விடுவானாயின், எஞ்சிய கிருமி வலிமை பெறும். தனக்கு வேண்டாத கைப்பைப் பிறன் பொருட்டு விழுங்குதல் அன்பின் செயலாம். அவ்வன்பு ஊர் முழுதும் ஒருங்கே எழாவிடின், எத்துணை அரிய மருந்தும் நோயை வேரறுக்க வல்லதன்று.