வெடிச்ச மரத்துக்கும் ஒரு வாழ்க்கை உண்டு! - புதுச்சேரியில் வாழ்ந்த ஜார்ஜ் நகாஷிமாவின் கதை

இன்ஸ்டாவில் ஸ்க்ரோல் பண்ணும்போது, ஓரத்தை நேராக வெட்டாம, மரத்தோட இயல்பான வளைவு அப்படியே தெரியுற டேபிள்களைப் பார்த்திருப்பீங்க. 'லைவ் எட்ஜ்'னு சொல்வாங்க. இந்த ஸ்டைலுக்குப் பெரிய மரியாதை தேடிக்கொடுத்தவர் ஜார்ஜ் நகாஷிமா. நம்ம புதுச்சேரிக்கு நெருக்கமானவர்!

1905-ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில், ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தார். எம்.ஐ.டி-யில் கட்டடக்கலை படித்துவிட்டு, டோக்கியோவில் ஆர்க்கிடெக்ட் அந்தோனின் ரேமண்டிடம் வேலைக்குச் சேர்ந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதியைக் கட்டும் பொறுப்பு ரேமண்டுக்கு வர, 1930-களின் கடைசியில் நகாஷிமா புதுச்சேரி வந்தார். வேலைக்கு வந்தவர் ஆசிரமவாசியாகவே ஆகிட்டார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர், சுந்தரானந்தா.

முள்வேலிக்குள் கிடைத்த குரு

அமெரிக்கா திரும்பி, திருமணமாகி, குழந்தையும் பிறந்த நேரத்தில் போர். ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக 1942-ல் மனைவி, கைக்குழந்தையோடு ஐடஹோ மாகாணத்தின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். சொந்த நாடே அவரைச் சந்தேகப்பட்டு ஒதுக்கி வெச்சது.

அதே முகாமில் கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார். ஜப்பானில் முறையாகத் தொழில் கற்றவர். கட்டுமானத்தில் மிஞ்சிய துண்டுப் பலகைகள், பாலைவனப் புதர்க்கட்டைகள்... இதுதான் கையில் இருந்த மரம். உளியைத் தீட்டுவதிலிருந்து, அவசரப்படாமல் ஒரு இணைப்பைப் பொருத்துவது வரை நகாஷிமா அவரிடம் கத்துக்கிட்டார்.

1943-ல் ரேமண்டின் உதவியால் விடுதலை. பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார். நல்ல பலகை வாங்கக் காசில்லை. அதனால கணு, விரிசல், கோணல்னு மத்தவங்க கழித்துப்போட்ட மரங்களை எடுத்தார். விரிசலை மறைக்கலை, அது மேலும் பிளக்காமல் இருக்க, குறுக்கே பட்டாம்பூச்சி வடிவக் கட்டையைப் பதித்தார். பிற்காலத்தில் அதுவே அவருடைய அடையாளம் ஆச்சு.

முதல் வெட்டு முக்கியம் பாஸ்!

கையில் காசு வந்த பிறகும், அறுத்த பலகையைக் கடையில் வாங்கினால் போதும்னு அவர் நினைக்கலை. முழு அடிமரமாக வாங்கி, அறுக்கும்போது பக்கத்திலேயே நிற்பார். ரம்பம் எந்தக் கோணத்தில் இறங்குதோ, அதை வெச்சுத்தான் உள்ளே இருக்கும் ரேகை வெளியே தெரியும். தப்பா வெட்டிட்டா, நூறு வருஷ மரமும் சாதாரணப் பலகைதான்.

அறுத்த பலகைகளை வரிசை மாறாமல், நடுவே சட்டம் கொடுத்துக் காற்றாட அடுக்கணும். ஓர் அங்குல கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் காயணும். அவசரப்பட்டால் பலகை முறுக்கிக்கும். இன்னிக்கு வீட்டிலேயே மரம் அறுப்பவங்களும் பின்பற்றும் கணக்கு இது.

1984-ல் பிரமாண்டமான வால்நட் மரம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதில் ஒரு கண்டத்துக்கு ஒன்றாக அமைதி மேசைகள் செய்ய ஆசைப்பட்டார். முதல் மேசை 1986-ல் நியூயார்க்கின் செயின்ட் ஜான் தேவாலயத்துக்குப் போனது. 1990-ல் அவர் இறந்த பிறகு, மகள் மீரா வேலையைத் தொடர்ந்தார். ஆசியாவுக்கான மேசை 1996-ல் வந்து சேர்ந்த இடம், ஆரோவில்!

அடுத்த முறை உங்க தெருவில் புயலுக்கு ஒரு வேம்போ பூவரசோ சாய்ந்தால், விறகுக்குத் துண்டு போடுறதுக்கு முன்னாடி, உரியவங்ககிட்ட அனுமதி கேட்டு, ஒரு மரம் அறுக்குறவரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. உள்ளே உங்க வீட்டு டேபிள் இருக்கலாம்!