சுரங்கத்தின் மூச்சை அளந்தவர்

நிலத்தடிச் சுரங்கத்தில் தீ விபத்து என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது கொழுந்துவிட்டு எரியும் நெருப்புதான். ஆனால், சுரங்கத் தீயில் மாண்டவர்களுள் பலர் அந்த நெருப்பின் அருகில்கூட இருந்ததில்லை. நிறமும் மணமும் இல்லாத ஒரு வாயு, அவர்கள் உணராமலேயே குருதியில் கலந்து உயிரைப் பறித்திருக்கிறது. இந்த உண்மையைச் சடலங்களைச் சோதித்தும், அதே நச்சுவாயுவைத் தாமே சுவாசித்தும் உலகுக்கு நிறுவிக்காட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டு உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

எடின்பரோவில் 1860-ஆம் ஆண்டு மே மாதம், செல்வாக்கு மிக்க குடும்பம் ஒன்றில் பிறந்தார் ஹால்டேன். அவருடைய அண்ணன் ரிச்சர்ட் ஹால்டேன் பின்னாளில் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சராகவும் லார்டு சான்சலராகவும் விளங்கியவர். தம்பிக்கோ அரசியலில் நாட்டமில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றபின், நோயாளிகளைப் பார்ப்பதைவிட மனிதர்கள் சுவாசிக்கும் காற்றை ஆராய்வதில் அவர் ஈடுபாடு கொண்டார். டண்டீ நகரத்து ஏழைகளின் நெருக்கடியான குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் காற்றைச் சேகரித்து அளந்தார். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நிலத்தடிச் சுரங்கங்களின் காற்றை நோக்கித் தம் கவனத்தைத் திருப்பினார்.

அக்காலத்தில் பிரிட்டனின் தொழில்வளம் முழுவதும் நிலக்கரியை நம்பியிருந்தது. பூமிக்கடியில் இலட்சக்கணக்கானோர் உழைத்தனர். நிலக்கரிப் படுகையிலிருந்து கசியும் மீத்தேன், காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். அந்த வெடிப்பு கிளப்பிவிடும் நிலக்கரித் தூசியும் தீப்பற்றினால், சுரங்கப் பாதை நெடுகிலும் தீ பரவும். இத்தகைய விபத்துகளில் தொழிலாளர்கள் வெடிப்பின் வேகத்தாலும் தீக்காயத்தாலும் இறக்கிறார்கள் என்பதே பரவலான எண்ணமாக இருந்தது.

1896-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள், தெற்கு வேல்ஸில் உள்ள டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் பெருவெடிப்பு நிகழ்ந்தது. 57 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அங்கு சென்று சடலங்களை ஆராய்ந்த ஹால்டேன், பெரும்பாலோரின் உடலில் உயிர்போகும் அளவுக்குக் காயம் இல்லாததைக் கண்டார். அவர்களது தோல் இயல்புக்கு மாறான செந்நிறம் கொண்டிருந்தது. குருதியைச் சோதித்தபோது அது கார்பன் மோனாக்சைடு நிறைந்து காணப்பட்டது. வெடிப்புக்குப் பிறகும் பலர் சிறிது நேரம் உயிரோடு இருந்திருக்கிறார்கள் என்பது இதனால் தெளிவாயிற்று. அதாவது, எச்சரிக்கை கிடைத்திருந்தால், சுவாசிக்க நல்ல காற்று இருந்திருந்தால் அவர்களுள் பலரைக் காப்பாற்றியிருக்க முடியும். அதே ஆண்டில் அவர் அரசுக்கு அளித்த அறிக்கை, சுரங்கப் பாதுகாப்பின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாக அமைந்தது.

இந்த முடிவுக்கு வருவதற்கான தகுதியை அவர் முன்பே தேடிக்கொண்டிருந்தார். தமது ஆய்வகத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றைத் தாமே சுவாசித்து, அவ்வப்போது தம் குருதியை எடுத்துச் சோதித்து, உடலில் தோன்றும் மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைத்தார். குருதியில் பாதிக்கும் மேற்பட்ட ஹீமோகுளோபினை நச்சுவாயு கைப்பற்றும்வரை அந்தச் சோதனை நீண்டது. மூச்சு வாங்கியது, பார்வை மங்கியது, கால்கள் தள்ளாடின. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிணைப்புடன் ஒட்டிக்கொள்கிறது. எனவே, காற்றில் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் அது உயிரைக் குடிக்கப் போதுமானது. அழுத்தம் கூட்டிய ஆக்சிஜனைக் கொடுத்தால் இந்த நச்சை எதிர்க்க முடியும் என்பதையும் எலிகளைக் கொண்டு அவர் மெய்ப்பித்தார். இன்றைய மருத்துவமனைகளில் புகை நச்சுக்கு ஆக்சிஜன் அளிக்கும் சிகிச்சைக்கு வேர் அங்கே இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத எதிரியைத் தொழிலாளி எவ்வாறு அறிவது? ஹால்டேன் கண்ட விடை எளிமையானது. சிறிய உயிரினங்கள் வேகமாகச் சுவாசிப்பவை. நச்சுவாயு அவற்றின் குருதியில் மனிதனுக்கு ஏறுவதைக் காட்டிலும் மிக விரைவாக ஏறிவிடும். ஆகவே, எலியையோ சிறு பறவையையோ கூண்டில் வைத்து உடன் கொண்டுசென்றால், அது தளர்ந்து விழுந்த பிறகும் மனிதன் தப்பிச் செல்வதற்கு அவகாசம் இருக்கும். கிளையிலிருந்து விழுவது தெளிவாகத் தெரியும் என்பதால் கேனரிப் பறவைகள் சுரங்கத்துக்கு ஏற்றவையாயின. பிரிட்டன் சுரங்கங்களில் மின்னணுக் கருவிகள் வந்து, 1986-ஆம் ஆண்டு விடைகொடுக்கப்படும் வரை அப்பறவைகள் பணியில் இருந்தன.

தம் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனைச் சிறுவயதிலேயே சுரங்கத்துக்கு அழைத்துச் சென்றவர் அவர். ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு சுரங்கத்தில், மகனை எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்து உரை ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார். சற்று நேரத்தில் மூச்சுத் திணறிக் கால் மடங்கித் தரையில் விழுந்தான் சிறுவன். விழுந்ததும் மூச்சு சீரானது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, கூரையை ஒட்டியே தேங்கும், தரையருகே சுவாசிக்கலாம் என்ற பாடத்தை அவன் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. அந்த மகன்தான் புகழ்பெற்ற மரபியல் அறிஞராகி, 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகவே 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.

மீட்பைப் போலவே தடுப்பிலும் ஹால்டேனின் பங்கு பெரிது. டான்காஸ்டர் வட்டாரச் சுரங்கங்களில் வெளிப்பொறி ஏதுமின்றி நிலக்கரி தானாகவே தீப்பற்றிக்கொண்டிருந்தது. அதை ஆராய்வதற்காகச் சுரங்க உரிமையாளர்கள் 1912-இல் ஓர் ஆய்வகத்தை அமைத்து, அதன் இயக்குநராக அவரை நியமித்தனர். வெட்டி முடித்துக் கைவிடப்பட்ட பகுதிகளில் எஞ்சிக் கிடக்கும் நிலக்கரித் துண்டுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல மெல்ல ஈர்த்து வெப்பத்தை வெளியிடுகின்றன. காற்று தாராளமாக ஓடினால் அந்த வெப்பம் அகன்றுவிடும். காற்றே புகாவிட்டால் வெப்பம் பிறக்காது. இரண்டுக்கும் இடையே, அரைகுறையாகக் காற்று கசியும் இடத்தில்தான் வெப்பம் சேர்ந்து தீயாகிறது. அந்த ஆய்வகத்தில் அவருடன் பணியாற்றிய ஐவன் கிரகாம், வெளியேறும் காற்றில் உள்ள கார்பன் மோனாக்சைடின் அளவைக் குறைந்துபோன ஆக்சிஜனின் அளவோடு ஒப்பிட்டு, புகை தெரியும் முன்பே வெப்பம் ஏறுவதைக் கண்டறியும் முறையை வகுத்தார். கிரகாம் விகிதம் எனப்படும் அக்கணக்கு இன்றும் உலகெங்கும் சுரங்கங்களில் கையாளப்படுகிறது.

சுவாசத்தின் வேகத்தை நிர்ணயிப்பது கரியமில வாயுவே என்று கண்டறிந்ததும், ஆழ்கடல் மூழ்குவோர் படிப்படியாக மேலேறுவதற்கான அட்டவணையை 1908-இல் வகுத்ததும், 1915-இல் ஜெர்மானியப் படை நச்சுவாயுவை ஏவியபோது முகமூடி ஆய்வில் இறங்கியதும் அவருடைய பிற சாதனைகள். 1934-இல் ராயல் சொசைட்டியின் கோப்லி பதக்கம் அவரைத் தேடி வந்தது. எண்ணெய் ஆலைத் தொழிலாளர்களைத் தாக்கும் வெப்ப வாதையை ஆராய 75 வயதில் பாரசீகம் வரை சென்று திரும்பியவர், 1936 மார்ச் மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார்.

அவரிடம் பிழையே இல்லை என்று சொல்வதற்கில்லை. கல்தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதை ஏற்ற அவர், நிலக்கரித் தூசியால் அத்தகைய தீங்கு இல்லை என்று கருதினார். அவருடைய மறைவுக்குப் பின் வந்த ஆய்வுகள் அது தவறு என்று காட்டின. ஒரு பேரறிஞரின் சொல் என்பதாலேயே அந்தத் தவறு நெடுங்காலம் நிலைத்தது. நிரூபிக்கப்படும்வரை எதையும் ஆபத்தற்றது எனக் கருதலாகாது என்பதை அவருடைய பிழையிலிருந்தும் நாம் கற்க வேண்டியிருக்கிறது.

அவர் சரியாகச் சொன்னவற்றையாவது உலகம் கடைப்பிடித்ததா? மேற்கு வங்கத்தின் நியூ கெண்டா சுரங்கத்தில் 1994 ஜனவரியில் ஏற்பட்ட தீயில் 55 தொழிலாளர்கள் இறந்தனர். துருக்கியின் சோமா சுரங்கத்தில் 2014 மே மாதம் 301 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது கார்பன் மோனாக்சைடு. ஜார்க்கண்டின் ஜரியா நிலக்கரி வயலில் 1916-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நிலத்தடித் தீ ஒரு நூற்றாண்டைக் கடந்தும் அணையவில்லை. ஹால்டேன் அறிக்கை தந்த காலத்தில் அறியாமையைக் காரணம் காட்ட முடிந்தது. இன்று அது முடியாது. வாயு அளக்கும் கருவிகள் இருக்கின்றன; கைவிட்ட பகுதிகளைக் காற்றுப் புகாமல் அடைக்கும் முறை இருக்கிறது; இடுப்பில் கட்டிச் செல்லும் சுவாசக் காப்புக் கருவி இருக்கிறது. இல்லாதது, அவற்றை நாள்தோறும் சரிபார்க்கும் ஒழுங்கும், அளவுகள் எச்சரிக்கும்போது உற்பத்தியை நிறுத்தி ஆட்களை வெளியேற்றும் துணிவும்தான்.

தொழிலாளி சுவாசிக்கும் காற்றைத் தாம் முதலில் சுவாசித்துப் பார்த்தவர் ஹால்டேன். சுரங்க நிர்வாகங்களும் ஆய்வு அதிகாரிகளும் அந்த அளவுக்குச் செல்ல வேண்டியதில்லை. அலுவலக மேசைக்கு வரும் காற்று அளவீடுகளை, தம் வீட்டார் ஒருவர் இப்போது கீழே வேலை செய்துகொண்டிருக்கிறார் என்ற எண்ணத்தோடு படித்தாலே போதும்.