சாலைகளை வென்ற டி.வி.சுந்தரம் அய்யங்கார்

நம் காரியாபட்டிக்குப் புகைவண்டி நிலையம் கிடையாது. மதுரைக்குப் போவதானாலும் அருப்புக்கோட்டைக்குப் போவதானாலும் சாலை ஒன்றே நமக்குக் கதி. இன்று மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் வண்டிகள் பறக்கின்றன. நூறாண்டுகளுக்கு முன்னர் இந்தக் கரிசல் பூமியில் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால்தான், மதுரையைத் தம் தொழிலுக்கு நிலைக்களமாகக் கொண்ட ஒரு பெருமகனின் வாழ்க்கை நமக்கு விளங்கும்.

கரிசல் மண்ணின் குணம் நாம் அறியாததன்று. சித்திரை வெயிலில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே மண் களியாகிச் சக்கரத்தை அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. குண்டாற்றில் வெள்ளம் வந்துவிட்டால் அக்கரைக்காரர் அக்கரையில், இக்கரைக்காரர் இக்கரையில். அக்காலத்தில் நல்ல சாலை என்று பெயர் பெற்றவையும் கப்பிக்கல் பரப்பி, மண் தூவி, தண்ணீர் தெளித்து இறுக்கப்பட்டவையே. அவை மாட்டு வண்டிக்காகப் போடப்பட்டவை. இரும்புப் பட்டை அடித்த சக்கரங்கள் ஒரே தடத்தில் போய்ப் போய் இரண்டு வாய்க்கால்களையே வெட்டிவிடும். மாட்டின் குளம்பிலிருந்து கழன்ற லாட ஆணிகள் வழியெங்கும் சிதறிக் கிடக்கும். மாட்டு வண்டிக்கு அவற்றால் ஒரு தொல்லையும் இல்லை. காற்றடைத்த ரப்பர் டயருக்கோ ஒவ்வோர் ஆணியும் ஓர் எமன்!

இத்தகைய சாலைகளில் பேருந்து ஓட்டத் துணிந்தவர்தாம் திருக்குறுங்குடி வெங்கரம் சுந்தரம் அய்யங்கார். நெல்லைச் சீமையில் வைணவத் திருப்பதியாகிய திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி சட்டம் பயின்றார். பின்னர் ரயில்வேயிலும் வங்கியிலும் பணிபுரிந்தார். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற அந்த வாழ்வில் அவர் மனம் ஒன்றவில்லை. வேலையை உதறினார். 1911இல் தம் நிறுவனத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. குடும்பஸ்தர் ஒருவர் கைக்கு வந்த உத்தியோகத்தை விடுவது இன்றைக்கே அரிது. அன்று சொல்லவும் வேண்டுமோ?

பணமுள்ள எவரும் ஒரு பேருந்தை வாங்கி நிறுத்தியிருக்கலாம். குறித்த நேரத்துக்குப் புறப்பட்டுக் குறித்த நேரத்துக்கு ஊர்போய்ச் சேரும் என்று பயணிக்கு வாக்குக் கொடுப்பதுதான் கடினம். சாலையோ அரசாங்கத்துடையது, மழையோ வருணனுடையது. இரண்டும் தம் கையில் இல்லாதபோது, தம் கையில் இருப்பவற்றை எல்லாம் அவர் ஒழுங்கு செய்தார். ஆணிகளால் டயர் பழுதாகிறதா? காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்கி எடுக்கச் செய்தார். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் நடுவழியில் டயர் வெடித்து, இறக்கிவிடப்பட்டு, பொட்டல் வெயிலில் நிற்கும் பயணிகளை நினைத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் தொழிலையும் அவருடைய நிறுவனம் பிற்காலத்தில் மேற்கொண்டது. வண்டி பழுதான பிறகு பார்ப்பது என்றில்லாமல், பழுதாகாமல் காக்கும் பணிமனையைத் தம் தொழிலின் உயிர்நிலையாக வைத்தார். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வார்கள் என்று மதுரை வட்டாரத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கப்பிச் சாலையில் அந்தப் பெயரை எடுப்பது எளிதன்று.

உலகின் வேறொரு கோடியில் இதே போராட்டம் நடந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலையில் மாரி என்னும் ஊரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டருக்கு ஒரு பாதை உண்டு. மந்தைகளை ஓட்டிச் செல்வதற்காக ஏற்பட்டது அது. அதில் 1936 முதல் டாம் குரூஸ் என்பவர் லாரியில் தபால் கொண்டு சென்றார். மணல்மேடு குறுக்கிட்டால் இரும்புத் தகடுகளைச் சக்கரத்தின் முன் விரித்து, அவற்றின் மேல் ஏறிக் கடப்பார். கூப்பர் ஆறு பெருகினால் தபாலைப் படகில் ஏற்றுவார். அத்தகைய மண்பாதைகளில் மற்றொரு தொல்லை, துணி துவைக்கும் பலகைபோல் குறுக்கே விழும் வரிகள். சிறு மேடொன்றில் துள்ளிய சக்கரம் விழுமிடத்தில் மண் ஒதுங்கும். அடுத்த வண்டியும் அங்கேயே துள்ளும். நாளடைவில் பாதை முழுவதும் அலை அலையாகிவிடும். வேகமாகப் போனால் குலுக்கல் குறையும், ஆனால் சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும். மெதுவாகப் போனாலோ வண்டியின் ஆணிவேர் எல்லாம் ஆட்டம் காணும்! குரூஸ் தனி ஒருவராக நின்று பாதையோடு மல்லுக்கட்டியவர். நம் சுந்தரம் அய்யங்காரோ அந்த மல்லுக்கட்டையே ஒரு முறைமையாக்கி, நூற்றுக்கணக்கான தொழிலாளரின் அன்றாட வேலையாக மாற்றினார். வீரத்தில் முன்னவர் பெரியவர் எனில், பயனில் பின்னவர் பெரியவர் என்பது என் கருத்து.

இரண்டாம் உலகப்போர் வந்தது. பெட்ரோலுக்குக் கடுமையான பஞ்சம். வண்டிகள் கொட்டகையில் முடங்க வேண்டிய நிலை. அப்போது அவருடைய நிறுவனம் கரிவாயுக் கலம் ஒன்றை உருவாக்கிற்று. பேருந்தோடு ஓர் உருளை அடுப்பைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியை நிரப்பிப் பற்றவைப்பார்கள். போதிய காற்றில்லாமல் எரியும் கரியிலிருந்து எழும் வாயுவைத் தூசி நீக்கி எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். பெட்ரோலின் வலு அதற்கு இல்லை. மேட்டில் வண்டி முக்கி முனகித்தான் ஏறும். புறப்படுமுன் அடுப்பை மூட்டிக் காத்திருக்க வேண்டும். சாம்பலையும் அள்ள வேண்டும். ஆயினும் வண்டி ஓடிற்று. கரிமூட்டம் போடுவதை அன்றாடம் காணும் நம் பகுதி மாணவர்களுக்கு, அதே கரி ஒரு காலத்தில் பேருந்தை இழுத்தது என்பது வியப்பளிக்கும்.

அவரைத் தொண்டுக்காகப் பேருந்து விட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. லாபம் கருதியே தொழில் செய்தார். பேருந்து, சரக்கு லாரி, மோட்டார் விற்பனை, உதிரிப் பாகங்கள் என்று தொழில் விரிந்தது. சதர்ன் ரோட்வேஸ், சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் ஆகிய பெயர்களை அறியாத மோட்டார்த் தொழிலாளி அன்று தென்னாட்டில் இல்லை எனலாம்.

குடும்ப வாழ்வில் அவரைச் சோதித்தது மகள் சௌந்தரத்தின் கைம்மை. மருத்துவரான மருமகன் இளம் வயதிலேயே மறைந்தார். அக்கால வழக்கப்படி மகளை வீட்டு மூலையில் உட்கார வைக்காமல் டெல்லிக்கு அனுப்பி மருத்துவம் படிக்க வைத்தனர் பெற்றோர். அம்மையார் ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது குடும்பம் முதலில் இசையவில்லை. திருமணம் 1940இல் காந்தியடிகளின் ஆசியோடு நடந்தது. அவ்விருவரும் 1947இல் தொடங்கியதே காந்திகிராமம். பாதைகளின் முரட்டுத்தனத்துக்கு அஞ்சாதவருக்கும் சமூகத்தின் பழைய தடத்திலிருந்து சக்கரத்தைத் திருப்புவது கடினமாகத்தான் இருந்திருக்கிறது.

பொறுப்புகளைப் புதல்வர்களிடம் ஒப்படைத்து ஒதுங்கி வாழ்ந்த அவர், 1955 ஏப்ரல் 28ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். மறு ஆண்டு மதுரையில் இராஜாஜி அவருடைய மார்பளவுச் சிலையைத் திறந்து வைத்தார். 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று சக்கரமும் தடையும் இங்கேயே செய்யும் ஆலைகளை மக்கள் எழுப்பினர். பெரும் பேருந்து நிறுவனங்களை அரசு ஏற்றுக்கொண்டபோது, 1972இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது, டி.வி.எஸ். பேருந்துகள் அதன் உடைமையாயின.