64 நாட்களில் முடிக்கப்பட்ட உயிர்: மலாயா கணபதியை நினைப்போம்

டுரியான் துங்கால், மே 4 – மலாக்கா தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிகளுக்கு 1948 என்றாலே அவசரகாலம்தான். அடையாள அட்டையும் ஊரடங்கும் வந்த அந்தக் காலத்தில், புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியின் நினைவு நாள் இன்று.

தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த கணபதி சிறு வயதிலேயே இங்கு வந்தவர். ஜப்பானியர் காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றினார். போர் முடிந்ததும் தொழிற்சங்கத்தில் இறங்கி, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1947-இல் அதில் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர் உறுப்பினர்கள். தோட்டப் பாட்டாளி, துறைமுகத் தொழிலாளி, ஈயச் சுரங்கத் தொழிலாளி எல்லாரும் இன வேறுபாடின்றி ஒரே குடையின் கீழ் நின்றார்கள். கம்யூனிஸ்டு கட்சியின் செல்வாக்கும் அதில் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

1948 ஜூனில் ஆங்கிலேயர் சட்டத்தைத் திருத்தினர். ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனம் அமைக்கலாம் என்றானது. கணபதியின் சம்மேளனத்துக்குப் பதிவு மறுக்கப்பட்டது. அதே மாதம் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட, அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. விசாரணையின்றி யாரையும் அடைத்து வைக்கலாம்; அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரணம் என்ற நிலை வந்தது.

1949 மார்ச் 1-ஆம் தேதி ராவாங் வாட்டர்ஃபால் தோட்டத்தில் கைத்துப்பாக்கியுடன் கணபதி பிடிபட்டார். கண்டெடுத்ததைப் போலீசில் ஒப்படைக்கப் போனதாகச் சொன்னார். நீதிமன்றம் நம்பவில்லை. மார்ச் 15-இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு தள்ளுபடியானது. நேருவின் அரசு தண்டனையைக் குறைக்கக் கேட்டும் பலனில்லை. மே 3-இல் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் கணபதி தூக்கிலிடப்பட்டார். கைதானதிலிருந்து 64 நாட்களில் எல்லாம் முடிந்தது.

அதே காலத்தில் ஜொகூரில் சாம்பசிவம் என்ற தமிழருக்கும் துப்பாக்கி வைத்திருந்ததாகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950-இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அப்போது கணபதி இறந்து ஓராண்டு ஆகப்போகிறது.

கணபதி குற்றம் செய்தாரா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. ஆனால், அவசரப்பட்டுப் பறித்த உயிருக்கு மறுவிசாரணை கிடையாது. மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த மறு ஆண்டே, 2022 ஜூலையில், நான்கு கைதிகளைத் தூக்கிலிட்டதையும் பார்த்தோம். துப்பாக்கி ஆட்சி செய்யும் இடத்தில் கைதிக்கு முதலில் பறிபோவது கால அவகாசம்தான்.

நம் பிள்ளைகளுக்குக் கணபதியின் பெயரையாவது இன்று சொல்லி வைப்போம்.