குவெர்னிகாவின் சாட்சி

பிக்காசோவின் 'குவெர்னிகா' ஓவியத்தை அறியாதவர்கள் குறைவு. அந்த ஊருக்கு நேர்ந்ததை உலகம் நம்பும்படி எழுதியவர் ஜார்ஜ் ஸ்டீர். போர்ச் செய்தியாளர்களின் வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் பெயர் அது. வான்வழித் தாக்குதலில் மடியும் பொதுமக்களைப் பற்றி எழுதுவோர் இன்றும் அவரிடம் கற்க வேண்டியது உண்டு.

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு லண்டன் நகரில் 1909-இல் பிறந்த ஸ்டீர், ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றார். 1935-இல் முசோலினியின் படை எத்தியோப்பியாவைத் தாக்கியபோது லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் செய்தியாளராக அங்கே இருந்தார். வலுவான விமானப்படை இல்லாத ஒரு நாட்டின் மீது குண்டுகளும் நச்சுவாயுவும் வானிலிருந்து பொழியப்பட்ட போர் அது. 1936 மே மாதம் அடிஸ் அபாபா வீழ்ந்தது. அந்தக் கலவர நாட்களில், சக செய்தியாளராக இருந்த பெண்ணை அங்கேயே மணந்தார். வெற்றிபெற்ற இத்தாலியர்கள் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றினர். 1937-இன் தொடக்கத்தில், லண்டனில் மகப்பேற்றின்போது மனைவியும் குழந்தையும் இறந்தனர். அந்தத் துயரோடுதான் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்கு அவர் திரும்பினார்.

1937 ஏப்ரல் 26, திங்கள்கிழமை. குவெர்னிகாவில் சந்தை நாள். பிற்பகல் நான்கரை மணியளவில் தொடங்கிய தாக்குதல் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. ஃபிராங்கோவுக்குத் துணையாக ஹிட்லர் அனுப்பிய காண்டோர் படைப்பிரிவின் விமானங்களும் இத்தாலிய விமானங்களும் அதில் ஈடுபட்டன. அதே பிற்பகலில் சற்றுத் தொலைவில் ஸ்டீரும் விமானங்களின் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி, குண்டு தோண்டிய பள்ளத்தில் பதுங்கி உயிர் தப்பியிருந்தார். இரவு பில்பாவ் நகரில் உணவருந்திக்கொண்டிருந்தபோது குவெர்னிகா எரியும் செய்தி வந்தது. உடனே புறப்பட்டு, நள்ளிரவு கடந்து, எரிந்துகொண்டிருந்த ஊருக்குள் நுழைந்தார். அப்போது அவருக்கு வயது 27.

அங்கே அவர் செய்தது ஓர் எழுத்தாளரின் பணி என்பதைவிட ஒரு புலனாய்வாளரின் பணி எனலாம். தப்பி வந்தவர்களிடம் தனித்தனியே பேசினார். முதலில் வெடிகுண்டுகள், பிறகு ஓடுவோர் மீது இயந்திரத் துப்பாக்கிச் சூடு, இறுதியில் எரிகுண்டுகள் எனத் தாக்குதல் நடந்த வரிசையைக் குறித்துக்கொண்டார். ஊருக்கு வெளியே இருந்த ஆயுதத் தொழிற்சாலை சேதமின்றி நிற்பதைக் கவனித்தார். ஜெர்மானிய முத்திரை பொறித்த எரிகுண்டு உறைகளைக் கண்டெடுத்தார். இறந்தோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு மட்டும், இன்னும் கூற இயலாது என்றே எழுதினார்.

ஏப்ரல் 28 அன்று 'டைம்ஸ்', 'நியூயார்க் டைம்ஸ்' இரண்டிலும் அந்தச் செய்தி வெளியானது. 'டைம்ஸ்' வழக்கப்படி அதில் அவர் பெயர்கூட இல்லை. பின்வாங்கிய பாஸ்க் தரப்பினரே ஊரைக் கொளுத்தினர் என்று ஃபிராங்கோ தரப்பு மறுத்தது. தாக்குதல் நடந்த மூன்றாம் நாளே ஊர் அவர்கள் வசமானதால், இடிபாடுகளை அகற்றி உடல்களை எண்ணும் வாய்ப்பும் பறிபோனது. பாஸ்க் அரசு 1,654 பேர் இறந்ததாக அறிவித்தது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் 150 முதல் 300 வரை எனக் கணிக்கின்றனர்.

ஸ்டீர் அன்று உறுதிப்படுத்தப்படாத ஒரு பெரிய எண்ணைத் தலைப்பில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எண் தவறு எனக் காட்டி, தாக்குதலே பொய் என நிறுவ எதிர்த்தரப்பு முயன்றிருக்கும். பாஸ்க் மக்கள் மீது தமக்கிருந்த பரிவை அவர் மறைத்ததில்லை. அதைச் சுட்டியே அவரைக் குறைகூறியோரும் உண்டு. ஆனால், நேரம், இடம், விமான வகை, குண்டின் முத்திரை ஆகியவை எழுதியவரின் பரிவைச் சார்ந்தவை அல்ல. யாரும் சரிபார்க்கக்கூடியவை. அதனால்தான் பல பத்தாண்டுகள் நீடித்த மறுப்பையும் தாண்டி அந்தச் சாட்சியம் நின்றது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்த அவர், எத்தியோப்பியாவிலும் பின்னர் பர்மா போர்முனையிலும் பிரசாரப் பிரிவில் பணியாற்றினார். பொய்ப் பிரசாரத்தை எதிர்த்து நின்றவர் போர்ப் பிரசாரகராகவும் ஆனார் என்பது அவர் வாழ்வின் முரண். 1944 டிசம்பர் 25 அன்று, ஓட்டிச்சென்ற ஜீப் விபத்துக்குள்ளாகி 35 வயதில் மறைந்தார்.

குவெர்னிகாவில் ஜெர்மானியருக்கு இருந்த பொறுப்பை ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ரோமன் ஹெர்சாக் ஏற்றுக்கொண்டது 1997-இல். அறுபது ஆண்டுகள்! அதைக் காண ஸ்டீர் இல்லை. தப்பியவர்களில் சிலர் இருந்தனர்.

இன்று செயற்கைக்கோள் படங்களும் கைப்பேசிக் காணொலிகளும் உள்ளன. ஆயினும், ஒவ்வொரு போரிலும் குண்டு வீசியவர் மறுக்கிறார், எண்ணிக்கை சர்ச்சையாகிறது. அறிந்ததை மட்டும் துல்லியமாகப் பதிவுசெய்து, அறியாததை அறியாதது என்றே விட்டுவைக்கும் நேர்மைதான் இறந்தவர்களுக்கு நாம் ஆற்றக்கூடிய முதல் கடமை. ஸ்டீரின் வாழ்வு உணர்த்துவதும் அதையே.