ஒரே கயிற்றில் இணைந்தவர்: டென்சிங் நார்கே

கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை அமைவதற்கு முன்னர், வெள்ளைக்காரத் துரைமாரும் அவர்தம் குடும்பத்தாரும் பெரியகுளத்துப் பக்கமிருந்து மலையேறியது பெரும்பாலும் தம் கால்களால் அன்று. டோலி சுமந்த கூலியாட்களின் தோள்களால். துரைமாரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. சுமந்தவர்களின் பெயர்களை எழுதி வைப்பார் இல்லை. மலையடிவாரமாகிய கெங்குவார்பட்டியில் வாழும் நாம், சுமைகூலியாகத் தொடங்கி உலகின் மிக உயர்ந்த சிகரத்தில் நின்ற ஒருவரின் வரலாற்றை அறிந்திருத்தல் பொருத்தமேயாகும்.

டென்சிங் 1914ஆம் ஆண்டில் ஷெர்பா இனத்தில், கவரிமாடு மேய்க்கும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர்க்குப் பதின்மூன்று மக்கள். பலர் இளமையிலேயே மாண்டனர். ஏட்டுக்கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. பதினெட்டு வயதளவில் பிழைப்புத் தேடி டார்ஜிலிங் வந்தவரை, 1935இல் எரிக் ஷிப்டன் என்னும் ஆங்கிலேயர் எவரெஸ்ட் பயணத்திற்குச் சுமைகூலியாகத் தேர்ந்தெடுத்தார்.

அக்காலத்து மலையேற்றக் குழுக்களில் வெள்ளையர் தலைவர், ஷெர்பாக்கள் கூலிகள். உணவும் கூடாரமும் பெரும்பாலும் தனித்தனியே. இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டா.

இந்நிலையை முதலில் மாற்றியவர்கள் 1952இல் வந்த சுவிட்சர்லாந்து நாட்டவர். அவர்கள் டென்சிங்கை மலையேறும் உறுப்பினர்களுள் ஒருவராகவே ஏற்றனர். அக்குழுவில் ரேமண்ட் லாம்பெர்ட் என்பவர் இருந்தார். முன்னர் ஒரு பனிப்புயலில் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தவர் அவர். இவர் மொழி அவருக்குத் தெரியாது. அவர் மொழி இவருக்குத் தெரியாது. ஆயினும் ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரத்தில், உறங்குபையும் அடுப்பும் இன்றி, இருவரும் ஒரு சிறு கூடாரத்தில் ஓர் இரவைக் கழித்தனர். மெழுகுவத்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கி நாவை நனைத்தனர். குளிரில் விறைத்துப் போகாதிருக்க ஒருவர் உடலை ஒருவர் தட்டியும் தேய்த்தும் விடியலைக் கண்டனர். மறுநாள் சிகரத்திற்குச் சுமார் 250 மீட்டர் கீழே நின்று திரும்பினர். லாம்பெர்ட் தம் சிவப்புக் கழுத்துத்துணியை நண்பருக்கு அளித்தார்.

1953இல் ஜான் ஹண்ட் தலைமையிலான பிரிட்டிஷ் குழு புறப்பட்டது. தொடக்கமே கசப்பு. காட்மாண்டுவில் பிரிட்டிஷ் தூதரகத்தில் ஷெர்பாக்களுக்கு, கழிப்பிடமும் இல்லாத வண்டிக்கொட்டகையே ஒதுக்கப்பட்டது. அவர்கள் கொதித்தெழுந்தனர். கூலிகளின் தலைவராகவும் மலையேறும் உறுப்பினராகவும் ஒருங்கே இருந்த டென்சிங்கின் நிலை மிக இக்கட்டானது. ஆனால் மலையில் நிலைமை வேறாயிற்று. பனிவெடிப்பு ஒன்றைத் தாண்டுகையில் எட்மண்ட் ஹில்லாரியின் காலடிப் பனி உடைந்து அவர் உள்ளே வீழ்ந்தார். டென்சிங் நொடியில் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். கயிற்றின் ஒருமுனையில் இருப்பவர் கூலியா துரையா என்று பள்ளம் பார்ப்பதில்லை.

மே 26இல் எவான்ஸ், பூர்டில்லன் இருவரும் தென்சிகரம் வரை சென்று, இன்னும் 100 மீட்டரே எஞ்சிய நிலையில் திரும்ப நேர்ந்தது. அதே நாளில் தலைவர் ஹண்டும் தா நம்கியால் என்னும் ஷெர்பாவும் அடுத்தவர்க்கான பொருள்களை உயரே சுமந்து சென்று வைத்தனர். மே 28இல் லோ, கிரிகரி, ஆங் நிமா மூவரும் சுமை தூக்கி உடன்வந்து, இறுதிக் கூடாரத்திற்கு வேண்டியவற்றை இறக்கிவிட்டுத் திரும்பினர். முதலிருவர் விட்டுச் சென்ற பிராணவாயுக் குடுவைகளே இறங்கும்போது ஹில்லாரிக்கும் டென்சிங்குக்கும் உதவின. மே 29 முற்பகல் 11.30 மணிக்கு இருவரும் 8,848 மீட்டர் உயரச் சிகரத்தில் நின்றனர். டென்சிங்கின் கழுத்தில் லாம்பெர்ட் தந்த துணி இருந்தது.

இறங்கியபின் மலையினும் கடிய சோதனை காத்திருந்தது. முதலில் கால் வைத்தவர் யார் என்று உலகமே கேட்டது. டென்சிங் மேலே நின்று ஹில்லாரியை இழுத்துத் தூக்குவதுபோல் காட்மாண்டு வீதிகளில் படங்கள் தொங்கின. ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருப்பின் நாடே கொண்டாடியிருக்கும். அவர் சொல்லவில்லை. ஏறத்தாழ ஒன்றாகவே சேர்ந்தோம் என்ற அளவில் இருவரும் அறிக்கையில் கையொப்பமிட்டனர். வதந்திகள் ஓயாமையால் 1955இல் வெளிவந்த தன்வரலாற்றில், ஹில்லாரியே சில அடிகள் முன்னே சென்றார், தாம் பின்தொடர்ந்தோம் என்று டென்சிங் தெளிவுபடுத்தினார். நம் கருத்தில், சிகரத்தை எட்டியதினும் இதுவே அரிய செயல்.

ஹண்டும் ஹில்லாரியும் சர் பட்டம் பெற்றனர். டென்சிங்குக்குக் கிடைத்தது ஜார்ஜ் பதக்கம் மட்டுமே. ஒரே கயிற்றில் ஏறியவர்க்கு இருவேறு மரியாதை! இந்திய அரசு 1959இல் பத்மபூஷண் வழங்கிற்று. 1954இல் டார்ஜிலிங்கில் தோன்றிய இமாலய மலையேற்றக் கல்விக்கழகத்தில் அவரே முதல் களப்பயிற்சி இயக்குநர். எழுதப் படிக்கக் கல்லாத அவரிடம் படித்த இளைஞர்கள் பலர் கயிறு கட்டவும் பனிக்கோடரி பிடிக்கவும் கற்றனர். 1986 மே 9ஆம் நாள் டார்ஜிலிங்கிலேயே அவர் இயற்கை எய்தினார்.