தொழிலாளர் உயிர் பேணிய ஜாம்ஷெட்ஜி டாட்டா

புதுவீடு எடுப்போன் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் காப்புச்சுவர் எழுப்புதல் வேண்டுமென்பது மோசே வாயிலாக இஸ்ரவேலர் பெற்ற விதிகளுள் ஒன்று. எவரேனும் ஆண்டிருந்து வீழ்ந்து மாயின், அப்பழி வீட்டுக்குடையோனையே சாரும். வீழ்ந்தபின் இரங்குதலினும், வீழாவண்ணம் முன்னரே காத்தல் அவன் கடனாம். இவ்வறம் பல்லாயிரவர் உழைக்கும் ஆலைக்கும் பொருந்துமன்றோ! இதனைச் சென்ற நூற்றாண்டிற்கு முன்னரே உணர்ந்து ஒழுகிய ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜாம்ஷெட்ஜி டாட்டா கூர்ச்சரத்து நவசாரி என்னும் ஊரில், பார்சி குருமார் குடும்பத்தில், 1839-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நசர்வான்ஜி முன்னோர் தொழிலை விட்டுப் பம்பாயில் வாணிகம் தொடங்கியவர். மைந்தர் அந்நகரத்து எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்று, 1858-இல் கல்வி முடித்து, தந்தையாரின் வாணிகத்திற் புகுந்தார். 1868-இல் 21,000 ரூபாய் முதலிட்டுத் தமக்கென ஒரு வாணிக நிலையம் அமைத்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, லங்காஷயர் ஆலைகளின் நூற்புமுறைகளை நேரிற் கண்டறிந்தார்.

பருத்தி விளையும் நிலத்திற்கு அணித்தாகவே ஆலை அமைதல் வேண்டுமென எண்ணி, அவர் நாகபுரியைத் தேர்ந்தார். ஆண்டு 1877 ஜனவரி முதல்நாளில் எம்பிரஸ் ஆலை திறக்கப்பெற்றது. அதனை நடத்தும் பொறுப்பை, இருப்புப்பாதை அலுவலில் இருந்த பெசோன்ஜி என்பாரிடம் ஒப்புவித்தார். நெசவுத்தொழில் அறியாதவராயினும் ஆட்களை நடத்தும் திறம் வாய்ந்தவர் அவர்.

அந்நாளைய ஆலைகளின் நிலை இரங்கத்தக்கது. வெப்பம் மிகுந்த கூடங்களில் பஞ்சுத்துகள் பறந்து மூச்சை அடைக்கும். சுழலும் வார்ப்பட்டைகள் கையையும் ஆடையையும் பற்றியிழுக்கும். ஒரு சிறு பொறி பஞ்சிற் பட்டால் கூடம் முழுதும் எரியும். 1881-இல் இயற்றப்பெற்ற முதல் தொழிற்சாலைச் சட்டமோ, இடர்விளைக்கும் இயந்திரங்களுக்கு வேலியிடுதல், சிறுவர் உழைப்பை வரையறுத்தல் முதலிய சிலவற்றோடு அமைந்தது.

டாட்டா சட்டத்தின் எல்லையோடு நின்றாரல்லர். ஆலைக்காற்றை ஈரப்படுத்தும் கருவிகளை அமைத்தார். வறண்ட காற்றில் நூல் அறும். ஈரக்காற்றில் நூலும் அறாது, துகளும் அடங்கும். தீயின் வெம்மை பட்டவுடன் தாமே திறந்து நீர் பொழியும் குழாய்களையும் கூரையின்கீழ்ப் பொருத்தினார். 1886-இல் முதியோர்க்கு ஓய்வூதிய நிதி ஏற்பட்டது. 1895 முதல் விபத்துற்ற தொழிலாளர்க்கு நட்டஈடு வழங்கப்பெற்றது. அந்நட்டஈட்டை முதலாளிமாரின் கடமையாக்கிய சட்டம் இந்நாட்டில் 1923-இல்தான் பிறந்தது. சட்டம் வருமுன் இருபத்தெட்டாண்டுகள் இவர் தாமே அக்கடமையை ஏற்றனர் என்பது கருதத்தக்கது.

இவையனைத்தும் இலாபங் கருதியே செய்தனரெனச் சிலர் கூறலாம். ஆட்கள் அடிக்கடி வாராதொழிதல் அவ்வாலைக்குப் பெருந்தொல்லையாய் இருந்ததும், நலம்பேணினால் அவர் நிலைத்து நிற்பரென அவர் கண்டதும் உண்மையே. ஆயினும் அதே தொல்லையுற்ற வேறு முதலாளிமார் பலர் தண்டம் விதித்தனர்; இவரோ காரணத்தை ஆராய்ந்து களைந்தார். குறையும் ஒன்று உண்டு. ஆடவரின் வேலைநேரத்திற்கு 1911 வரை சட்டம் எல்லை வகுக்கவில்லை. கதிரவன் எழுந்தது முதல் மறையுமளவும் உழைத்தலே ஆலைகளின் வழக்கமாயிருந்தது. அக்குறையினின்று எம்பிரஸ் ஆலை முற்றும் நீங்கியதெனக் கூறுதற்கில்லை. பெரியோரின் குறையையும் மறையாது கூறுதலே வரலாற்றிற்கு அழகு.

பின்னர் இரும்பாலை அமைக்க முனைந்த டாட்டா, அதன் நகரில் அகன்ற வீதிகளும் நிழல்மரங்களும் விளையாட்டு வெளிகளும் எல்லாச் சமயத்தார்க்கும் வழிபாட்டிடங்களும் அமைதல் வேண்டுமென 1902-இல் தம் மைந்தர் தோராப்ஜிக்கு எழுதினார். இரும்பு உருகுவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1904 மே 19-இல் ஜெர்மனியில் உயிர்நீத்தார். 1912-இல் அவ்வாலை எஃகு வார்த்தது. அவ்வாண்டிலேயே எட்டுமணிநேர வேலைமுறையும் அங்கு வந்தது. எம்பிரஸ் ஆலை இன்று இல்லை. அது காட்டிய வழி நிற்கிறது.

அவ்வழி நம் ஊர்களுக்கும் வந்ததா? கோதையாறு அருவியாய் வீழும் எங்கள் திற்பரப்பைச் சூழ ரப்பர்த் தோட்டங்கள் பல. வைகறை இருளிற் பால் வெட்டச் செல்வோர் பாம்பு மிதித்தற்கு அஞ்சியே நடக்கின்றனர். பாலை உறையவைக்கும் அமிலம் கையைப் புண்ணாக்கும். ஷீட்டு அடிக்கும் உருளை, சற்று அயர்ந்தால் விரலை நசுக்கும். ஒரு கைவிளக்கு, ஓரிணைக் கையுறை, உருளைமுன் ஒரு தடுப்பு — இவற்றின் விலை எவ்வளவு? இழந்த விரலின் விலை எவ்வளவு?

மாணவ நண்பர்காள்! நம்முட் சிலர் நாளை ஆலைகளையும் தோட்டங்களையும் நடத்தும் நிலை பெறுவோம். அன்று கணக்கேட்டைத் திறக்குமுன், காப்புச்சுவர் எழுந்துளதோவென நோக்குவோமாக.